வருகைப் பதிவும் வாரா மாணாக்கரும்

கல்லூரியிற் சேர்வோர் தொகை நம் நாட்டில் ஆண்டுதோறும் பெருகி வருதல் கண்டு மகிழாதார் இலர். 18 முதல் 23 வயது வரையுள்ளோர் தொகையோடு ஒப்பிட, உயர்கல்வியிற் சேர்ந்திருந்தோர் இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 28.4 என்றும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 என்றும் 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை கூறுகிறது. தமிழர் என்ற முறையில் இதனைக் கேட்டு நாம் தலைநிமிர்தல் இயல்பே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இவ்வெண் வாயிலிற் புகுந்தோரைக் காட்டுவது. கற்று முடித்துப் பட்டத்துடன் வெளிவந்தோரைக் காட்டுவதன்று. புகுந்தோருக்கும் முடித்தோருக்கும் இடையே விடுபட்டுப் போனவர் எத்துணையர், அவர் எங்குச் சென்றனர், ஏன் சென்றனர் என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற் போக, தொண்ணூற்றொன்பதையும் விட்டு அவ்வொன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பன் கதையை நம் கல்லூரி ஆலயத்திற் கேளாதார் இலர். அம்மேய்ப்பனது அன்பைப் பற்றிப் பேசுவோர் பலர்; அவன் தன் ஆடுகளை எண்ணும் வழக்கமுடையவன் என்பதைப் பற்றிப் பேசுவோர் சிலர். எண்ணாதவனுக்கு ஒன்று குறைந்தமை தெரியவே தெரியாது. தெரியாதவன் எவ்வாறு தேடுவான்? ஆகலின் அன்பின் முதற்செயல் எண்ணுதலே என்று கூறினும் மிகையாகாது.

மாணாக்கர் கல்லூரி விட்டு நீங்குதற்குக் காரணம் யாதென வினவின், ஊக்கமின்மை என்பார் ஒருசாரார். அறிவுக் குறை என்பார் மற்றொரு சாரார். வறுமை என்பார் வேறொரு சாரார். இவற்றுள் வறுமை பெரிதும் உண்மையே. எனினும், நாம் காணும் அளவில், நீங்குதல் என்பது ஒரு நாளில் ஒரு காரணத்தால் நிகழ்வதன்று. சிறு தடைகள் பல ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற, அருகிருப்போர் ஒருவரும் வினவாதிருக்க, மெல்ல மெல்ல நிகழ்வது அது. இக்கருத்தை இரு பெரியோர் வாழ்க்கையால் முதற்கண் விளக்குவோம்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்த சீனிவாச இராமானுஜன், 1904இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் தேர்விற் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. துணிக்கடையிற் கணக்கெழுதிய அவர் தந்தையாரின் மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். கல்லூரியின் பருவக் கட்டணமோ 32 ரூபாய். 1905இல் வீட்டாருக்கும் சொல்லாமல் அவர் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கும் நோயும் பிற பாடங்களும் தடையாயின; எப்.ஏ. தேர்வில் தேறாமலே அவரது கல்லூரிக் கல்வி முடிந்தது. 1912இற் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் அமர்ந்ததும், 1913இற் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்ததும், 1914இற் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டதும், 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும் யாவரும் அறிந்தவை.

இராமானுஜன் பிறந்த ஓராண்டிற்குள், 1888 செப்டம்பர் 5ஆம் நாள், திருத்தணியில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். அவரதும் செல்வக் குடும்பமன்று. ஆயினும் அவர் பயின்ற காலம் முழுதும் உபகாரச் சம்பளம் அவரைத் தாங்கி நின்றது. வேலூரிற் பயின்று, பின் சென்னைக் கிறித்துவக் கல்லூரியை அடைந்தார். பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவ நூல்களை அவருக்கு அளித்துவிட, நூல் வாங்கும் செலவின்றிக் கிடைத்த அப்பாடமே அவர் பாடமாயிற்று. நாடறிந்த தத்துவப் பேராசிரியராய், பின்னர் 1962இற் குடியரசுத் தலைவராய் விளங்கியவரின் வாழ்வில், கைமாறி வந்த சில பழைய புத்தகங்களுக்கும் பங்கு உண்டு.

இவ்விருவருள் ஒருவர் அறிவிற் குறைந்தவர் என்பார் உளரோ? ஒருவர்க்கு உதவி இறுதிவரை நின்றது. மற்றவர்க்கு நடுவே அற்றது. இராமானுஜனின் குறிப்பேடுகளைப் பார்த்து, நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதந்தோறும் உதவினார். கல்லூரி இழந்ததை ஒரு கலெக்டர் கண்டெடுத்தது நற்பேறு. ஆயின் நற்பேற்றை நம்பிக் கல்வியை நடத்தலாகாது.

இனி நம் காலத்துக்கும் நம் வட்டாரத்துக்கும் வருவோம். இராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணிக்கு அண்மையில் உள்ளது திருவாலங்காடு. காரைக்காலம்மையார் வாழ்ந்து பாடிய தலமென்றும், இராசேந்திர சோழனின் செப்பேடுகளாற் பெயர் பெற்ற ஊரென்றும் தமிழ் பயில்வோர் அதனை அறிவர். இன்று ஆங்குக் கரும்புக் கழனிகளும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், மணவூருக்கும் மோசூருக்கும் இடையே அதன் நிலையம் உளது. சென்னை சென்ட்ரலுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கிழக்கே திருவள்ளூரை அடுத்த காக்களூர், தென்கிழக்கே திருப்பெரும்புதூர், வடகிழக்கே கும்மிடிப்பூண்டி என மூன்று புறமும் தொழிற்பேட்டைகள். ஒரு கண் கல்லூரியையும் மறு கண் ஆலை வாயிலையும் நோக்கி நிற்கும் இளைஞர் நிறைந்த வட்டாரம் அது.

அவ்வூரிலிருந்து நாள்தோறும் சென்னைக்கு வந்து பயிலும் மாணவன் ஒருவனைக் கருதுவோம். அவன் தனியொருவன் அல்லன். நம் வகுப்புகளில் அமர்ந்த பலரைச் சேர்த்து வரைந்த உருவம். அவன் தந்தை கரும்பு வெட்டும் கூலியாள். அவன் குடும்பத்திற் கல்லூரி கண்ட முதல்வன் அவனே. பள்ளியில் யாவும் தமிழிற் பயின்றவன். சேர்ந்த முதல் மாதம் அவன் ஒரு நாளும் தவறவில்லை. விடியுமுன் எழுந்து ரயிலேறி, ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டும் வந்தான்.

இரண்டாம் மாதம் பாட நூல் அவனை அச்சுறுத்தலாயிற்று. பொருள் அரிதன்று, மொழி அரிதாயிற்று. பள்ளியில் தமிழில் அறிந்த பௌதிகமும் வாணிபமும் ஆங்கில உடை அணிந்து வந்தபோது அவனுக்கு அயலாயின. ஐயம் கேட்க எழுந்தால் ஆங்கிலத்திற் கேட்க வேண்டுமென்று எண்ணி எழாதிருந்தான். முதற் தேர்வில் ஒரு பாடத்திற் தவறினான். அதனை வீட்டிற் சொல்லவில்லை. சொன்னால் விளங்கிக்கொள்வாரும் ஆங்கு இலர்.

மூன்றாம் மாதம் ரயில் சீசன் சீட்டின் காலம் முடிந்தது. புதுப்பிக்கப் பணம் இரண்டு நாள் தாழ்ந்தது. அவ்விரண்டு நாளும் வரவில்லை. ஊர் முனையிற் கம்பெனி பஸ் நாள்தோறும் வந்து நிற்கும். அதில் ஏறிச் செல்லும் நண்பன், விடுமுறை நாட்களில் மட்டும் வந்து பார் என்றான். விடுமுறை நாள் வேலை, பின்னர் இரவு வேலையாயிற்று. காண்ட்ராக்ட் வேலைதான், எனினும் அதன் ஒரு மாதக் கூலி, அரசினர் கலைக் கல்லூரி ஒன்றின் பருவக் கட்டணத்தினும் மிகுதி. தாய் அதனைக் கையில் வாங்கியபோது அவள் முகத்திற் கண்ட மலர்ச்சியை அவன் எந்த மதிப்பெண் பட்டியலாலும் தந்ததில்லை.

நான்காம் மாதம் வருகை நூற்றுக்கு 75 என்னும் அளவிற்குக் கீழே சென்றது. தேர்வுக் கட்டணத்திற்குரிய நாள் கடந்து அபராதமும் சேர்ந்தது. தேர்வெழுத இயலவில்லை, அரியர் பல சேர்ந்தன. அடுத்த ஜூனிற் கல்லூரி திறந்தபோது அவன் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். அவன் கல்லூரியை விட்டது எந்த நாள்? பதிவேட்டைப் பார்ப்பவர் ஒரு நாளைச் சொல்வர். அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது.

பெண்களுக்கோ தடைகள் இன்னும் சில. தாய் நோயுற்றாற் படிப்பை நிறுத்துவது மகளே, மகன் அல்லன். மாலை வகுப்பு நீண்டு, ரயில் தாழ்ந்து, நிலையத்திலிருந்து ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்தும் போய்விடின், அன்றிரவே அவ்வீட்டிற் படிப்பை நிறுத்தும் பேச்சு எழும். நல்ல வரன் வந்தது என்னும் ஒரு சொல், இரண்டாண்டு உழைப்பை ஒரு கிழமையில் முடித்துவிடும்.

இத்துன்பம் சிற்றூர் மாணவர்க்கும் சிறு கல்லூரிகளுக்கும் மட்டுமே உரியதன்று. கடுந்தேர்வு எழுதி வென்று புகும் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.கள் ஆகியவற்றிலிருந்து ஐந்தாண்டுகளில் நீங்கிய பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்பட்ட வகுப்பு மாணாக்கர் 13,600 பேருக்கு மேல் என மத்திய அரசு 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்திற் தெரிவித்தது. அவருட் சிலர் வேறு படிப்பை நாடிச் சென்றோர் என்பதும் உண்மையே. எனினும் நாட்டின் அரிய தேர்வுகளில் வென்றோரை அறிவிலார் என்று கூற யார் துணிவார்? ஆகவே அறிவுக் குறை என்னும் விடை நில்லாது.

அரசு வாளாவிருக்கவில்லை என்பதையும் நன்றியோடு கூறவேண்டும். அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி புகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கிற்று. ஆண்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கிற்று. இவ்வாயிரம் ரூபாய் பயணச் செலவைத் தாங்கும். நூல் சிலவற்றையும் வாங்கித் தரும். ஆயின் மூன்று நாள் வாராத மாணவனை, தம்பி, ஏன் வரவில்லை என்று அது கேளாது. அதனைக் கேட்க வேண்டியவர் நாமே.

ஈண்டு நம் வருகைப் பதிவேட்டைப் பற்றி ஒரு சொல் கூற விழைகிறோம். நாள்தோறும் ஒவ்வொரு வகுப்பிலும் பெயர் அழைக்கப்படுகிறது. வந்தவன், வராதவன் குறிக்கப்படுகிறான். எண்ணுங் கருவி நம் கையில் இருக்கவே இருக்கிறது. ஆயின் அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம்? பருவ இறுதியிற் கூட்டிப் பார்த்து, குறைந்தவனைத் தேர்வினின்று நிறுத்துதற்கே பயன்படுத்துகிறோம். குறை சிறிதாயின் கட்டணம் பெற்றுப் பொறுக்கிறோம். பணமின்மையால் வராதவனுக்குப் பணத்தையே தண்டமாக விதிக்கிறோம். நோயாளியின் காய்ச்சலை நாள்தோறும் அளந்து குறித்து வைத்து, நான்கு மாதம் கழித்து, உனக்குக் காய்ச்சல் மிகுந்திருந்தது, ஆதலின் வெளியே செல் என்று கூறும் மருத்துவர் உளரோ? வருகை விதி வேண்டா என்று நாம் கூறவில்லை. வகுப்புக்கு வாராமற் கல்வி நிரம்பாது. அவ்வேடு தண்டிக்கும் ஏடாக இருப்பதற்கு முன் வினவும் ஏடாக இருக்கவேண்டும் என்றே கூறுகிறோம்.

இவ்வாறு வினவினாற் பயன் விளையுமோ என ஐயுறுவோர்க்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007இல் ஒரு முறையைத் தொடங்கிற்று. உதவித்தொகை போதாத கட்டணத்தை அம்முறை ஈடுசெய்தது. பாட நூல் வழங்கிற்று. நகர ரயிலுக்கும் பேருந்துக்கும் பயணச் சீட்டு அளித்தது. இவற்றோடு ஒவ்வொரு மாணவரும் தமக்கென அமர்த்திய ஆலோசகர் ஒருவரை அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டும் என்றும் விதித்தது. ஏறத்தாழ 900 மாணவரைச் சீட்டுக் குலுக்கல் போல இரு பிரிவாக்கி ஒப்புநோக்கினர். மூன்றாண்டில் முடித்தோர் இம்முறையில் நூற்றுக்கு 40. ஏனையோருள் நூற்றுக்கு 22. அம்மாணவர் அறிவு ஒரே நாளில் இருமடங்கு ஆகவில்லை. பயணச் சீட்டும் பாட நூலும் பேச ஓர் ஆளும் உரிய காலத்திற் கிடைத்தன, அவ்வளவே.

கல்லூரி விட்டோரும் உயர்ந்ததில்லையா, எல்லோரும் பட்டம் பெற்றே தீரவேண்டுமா என வினவுவோர் உளர். பில் கேட்ஸ் 1975இல் ஹார்வர்டை விட்டு நீங்கியதை அவர் எடுத்துக்காட்டுவர். விரும்பித் தொழிலை மேற்கொள்வோரை நாம் தடுக்கவில்லை. ஆலையில் உழைப்பது இழிவென்றும் நாம் கருதவில்லை. செல்வக் குடியிற் பிறந்தவன் வெளியே செல்லும்போது அவனுக்குப் பின்னே கதவு திறந்தே இருக்கும். கரும்பு வெட்டுவோன் மகன் செல்லும்போது அது மூடிக்கொள்ளும். காண்ட்ராக்ட் முடிந்தது, நாளை வரவேண்டா என்று ஆலையும் கூறிவிடின் அவன் எங்கே போவான்? தேர்ந்துகொண்டு செல்லுதல் வேறு. தள்ளப்பட்டுச் செல்லுதல் வேறு.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டு முடித்து நீங்குவோர்க்குச் சான்றிதழும், ஈராண்டு முடித்தோர்க்குப் பட்டயமும் அளிக்கலாம் என்கிறது. பெற்ற மதிப்புகளைச் சேமித்து வைத்துப் பின்னர் வந்து தொடர்தற்குரிய ஏற்பாடும் 2021இல் வகுக்கப்பட்டது. திரும்பி வரும் வழி நல்லதே. ஆயின் போகும் வழி எளிதாய், வரும் வழியை எடுத்துரைப்பார் இலராயின், அஃது இடைநிற்றலுக்குச் சூட்டிய அழகிய பெயராய் முடியும். சென்றவனுக்கு, வா என்று ஒரு கடிதம் எழுதுவார் இருந்தாலன்றித் திறந்த கதவும் மூடிய கதவே.

ஆகலின் நம் கல்லூரியிற் செய்தற்கு எளியன சிலவற்றைப் பணிவுடன் கூறுவோம்.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது இது: முதலாண்டு மாணவர் ஒருவர் தொடர்ந்து மூன்று நாள் வாராராயின், அன்றே ஒருவர் அவர் வீட்டோடு பேசுக. எப்போது வருவாய் என்பதை முதலில் வினவாது, ஏன் வர இயலவில்லை என்பதை வினவுக. முதல் மூன்று மாதம் தமிழ்வழி பயின்று வந்தோர்க்குப் பாடச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து விளக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குக. கால அட்டவணை வகுக்கும்போது ரயில் அட்டவணையையும் ஒருமுறை பார்த்துக்கொள்க.

கல்லூரியின் பழைய மாணவர்களிடம் வேண்டுவது: கட்டடத்திற்கும் கோப்பைகளுக்கும் நீங்கள் மனமுவந்து அளித்து வருகிறீர்கள். அதனோடு ஒரு சிறு நிதியும் வையுங்கள். சீசன் சீட்டு, தேர்வுக் கட்டணம் ஆகிய இரண்டுக்கு மட்டும் அது போதும். மாணவியர்க்கு இரயில்வே பட்டப் படிப்பு வரை கட்டணமில்லாச் சீசன் சீட்டு அளிக்கிறது. மாணவர்க்கு அது பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அக்குறையை நிரப்புங்கள். விண்ணப்பமும் சான்றும் பரிந்துரையும் கேட்டு ஒரு மாதம் தாழ்த்தாமல், கேட்ட மறுநாளே கிடைப்பதாக அந்நிதி இருத்தல் வேண்டும். உங்கள் அலமாரியில் உறங்கும் பாட நூல்களையும் அனுப்புங்கள். திருத்தணியிற் பிறந்த ஒருவருக்குக் கைமாறி வந்த நூல்கள் என்ன செய்தன என்பதை மேலே கண்டோம்.

சகோதர மாணாக்கர்களே, நம்மிடமும் ஒரு கடமை உண்டு. ஆசிரியர் அறியுமுன் நாம் அறிவோம். பக்கத்திலிருப்பவன் நண்பகலில் உண்ணாதிருப்பதும், அவள் நூல் வாங்காதிருப்பதும், இரவு வேலையால் அவன் கண் சிவந்திருப்பதும் நம் கண்ணுக்கே முதலிற் படும். மூத்த மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு மாணவர் இருவரைத் தமக்குரியவராக ஏற்பாராயின், அதற்குச் செலவு ஒன்றுமில்லை. நின்றுவிட்டவனுக்கு நாம் வேண்டியவராகவே இருக்கவேண்டும். அவன் கம்பெனிச் சீருடையில் ரயிலில் எதிர்ப்படின் முகம் திருப்பாமல், இடம் இன்னும் இருக்கிறது, வா என்று சொல்லவேண்டும்.

இறுதியாக, இம்மலரை நடத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இம்மலரிற் தேர்வு முடிவுகளும், பரிசு பெற்றோர் பெயர்களும், ஆட்டங்களில் வென்ற விவரமும் அச்சாகின்றன. அவை அச்சாதல் முறையே. அவற்றோடு இனி ஒரு வரி சேர்க்க. மூன்றாண்டுக்கு முன் இக்கல்லூரியிற் புகுந்தோர் இத்துணையர். அவருள் முடித்தோர் இத்துணையர். நின்றோர் இத்துணையர் என்று அவ்வரி கூறுக. அது நமக்கு நாணம் தருவதாயினும் மறையாது கூறுக. பெயர் வேண்டா, எண் போதும். அவ்வெண் ஆண்டுக்காண்டு குறைந்து வருமாயின், அதுவே இக்கல்லூரி பெறும் கோப்பைகளிற் சிறந்த கோப்பையாகும்.